வாளியில் ஒட்டிய பட்ச்

பிழை பெரியம்மாவில் இல்லை, என்னில்தான். லண்டனில் பெட்டி அடுக்கும்போது கிழமைக்கு இரண்டு, மூன்று கிழமைக்கு ஆறு என்று, மாதவிடாய் நின்ற பிறகு வரும் எரிவுக்குத் தோலில் ஒட்டும் ஓமோன் பட்சுகளை எண்ணி வைத்தேன். யாழ்ப்பாணத்தில், கோண்டாவில் ஊர்க் கிணற்றடியில் நல்லெண்ணெய் முழுக்கு ஒன்று காத்திருக்கும் என்பதை மட்டும் கணக்கில் எடுக்கவில்லை. தலை, தோள், முதுகு என்று தேய்த்துக்கொண்டு வந்த பெரியம்மாவின் கை இடுப்புக்குக் கீழும் போனது. முப்பது வருடத்துக்குப் பிறகு அந்தக் கை; வேண்டாம் என்று யார் சொல்லுவது? அரப்பு வைத்து முழுகி முடியப் பார்க்கிறேன், பட்சைக் காணோம். வாளியின் உட்பக்கத்தில் கண்ணாடித் தாள்போல வடிவாக ஒட்டிக்கிடக்கிறது. என்னில் ஒரு நாளும் அவ்வளவு இறுக்கமாக ஒட்டியதில்லை.

புதிதாக ஒட்டியது எண்ணெய்ப் பிசுக்கில் பின்னேரமே சுருண்டது. அடுத்தவை ஒவ்வொன்றாக நல்லூர்த் திருவிழா வெயிலில் கழன்றன. முதல் கிழமை முடிய மிச்சம் ஒன்றே ஒன்று. இரவில் நெஞ்சிலிருந்து நெருப்பு ஏறும் அந்தப் பழைய கரைச்சல் திரும்பிவிடும் என்ற பயத்தில் பாமசி பாமசியாக ஏறினேன்.

முதல் கடையில் ‘பட்ச்’ என்றதும் முழங்கால் நோவுக்கு ஒட்டும் பிளாஸ்டரை நீட்டினார்கள். இரண்டாவது கடையில் குரலைத் தாழ்த்தி ‘பீரியட்ஸ்...’ என்று தொடங்கினேன். அந்தத் தம்பி முடிக்கவே விடவில்லை. பீரியட்ஸைத் தள்ளிப்போடும் நோரெதிஸ்டரோன் குளிசை மட்டையை மேசையில் வைத்து, வீதிக்கே கேட்கும்படி, “கோயிலுக்கோ அன்ரி? எத்தனை நாள் தள்ளவேணும்?” எனக்குப் பின்னால் வரிசையில் ஐந்து பேர், அதில் வேட்டி சால்வையோடு ஒரு ஐயா. எனக்கு 53 வயது. தள்ளிப்போட ஒன்றும் இல்லாமல் இரண்டு வருடம். லண்டனில் இதே விஷயத்தைப் பாமசிக்காரர் தனி அறைக்குக் கூட்டிப்போய்க் கதைப்பார். இங்கே திருவிழாக் காலம், கேட்கிற எல்லாருக்கும் ஒரே குளிசை. மூன்றாவது கடையில் டொக்டரின் மருந்துத் துண்டே கேட்காமல், பட்சில் இருக்கும் ஓமோனான ஈஸ்ட்ரோஜனைக் குளிசையாகத் தர ஆயத்தம்: “இதுவும் அதுதான் அன்ரி.”

அதுவும் இதுவும் ஒன்றில்லை என்பதை அடுத்த நாள்தான் வடிவாக விளங்கிக்கொண்டேன். சனல் பண்ணி, அதாவது முன்கூட்டியே பதிந்து, 14ஆம் இலக்கத்தோடு மூன்று மணித்தியாலம் பிளாஸ்டிக் கதிரையில் இருந்து, ஒரு வயதான பெண் டொக்டரிடம் போனேன். கோபத்தோடுதான் உள்ளே போனேன். அவர் கதைக்க முதல் பிரஷர் பார்த்தார். லண்டனில் என் கடைசி ஓமோன் ஆலோசனை முழுக்க டெலிபோனில். பிரஷர் நானே வீட்டில் பார்த்துச் சொன்ன இலக்கம்.

பிறகு கேள்விகள். கருப்பை இருக்கோ? நின்ற பிறகு எப்பவாவது இரத்தம் பட்டதோ? மார்புப் புற்றுநோய், ஈரல் வருத்தம், பக்கவாதம்? காலில் இரத்தம் கட்டினதோ? அம்மாவுக்குக் கட்டியது என்றேன். “அதுதான் அங்கே உங்களுக்குப் பட்ச் தந்திருக்கினம்” என்றார். வாயால் போடும் ஈஸ்ட்ரோஜன் ஈரல் வழியாகப் போய் இரத்தம் கட்டும் ஆபத்தைக் கொஞ்சம் கூட்டும். வழமையான அளவில் தோலால் ஏறும்போது அந்தக் கூடுதல் இல்லை. நோரெதிஸ்டரோனையும், பீரியட்ஸைத் தள்ளும் அளவில், எனக்குத் தொடவேண்டாம் என்றார்.

2002இல் ஓமோன் சிகிச்சை பற்றிய அமெரிக்க ஆய்வை இடையில் நிறுத்திய செய்தி கேட்டு அக்கா எல்லாவற்றையும் குப்பையில் போட்ட கதையைச் சொன்னேன். அது சினைக் குதிரையின் சிறுநீரிலிருந்து எடுத்த ஈஸ்ட்ரோஜனோடு செயற்கைப் புரோஜெஸ்டின் சேர்ந்த குளிசை; போட்டவர்களின் சராசரி வயது 63. நின்று பத்து வருடத்துக்குள், அறுபதுக்கு முதல் தொடங்கும் பெரும்பாலானவர்களுக்குக் கணக்கு வேறு என்றார். ஆனாலும் இரண்டு ஓமோனும் சேர்த்துப் போட்டால் மார்புப் புற்றுநோய் ஆபத்து சிறிதளவு கூடும், வருடங்கள் போகப் போக அதுவும் ஏறும், அதனால் வருடத்துக்கொருக்கா பார்க்கவேணும் என்பதையும் மறைக்கவில்லை.

எனக்குப் புதிதாக ஒன்றும் எழுதித் தரவில்லை! பட்ச் இல்லாத நாட்களில் எரிவு திரும்பும், உயிருக்கு ஒன்றும் ஆகாது. கருப்பை உள்ளவர் ஈஸ்ட்ரோஜனை மட்டும் போட்டு, புரோஜெஸ்டரோன் குளிசையை விட்டால்தான் உட்சுவர் தடித்துக் கரைச்சல் வரும். அடுத்த கிழமை வரும் மச்சாளிடம் சொல்லி வீட்டிலிருக்கும் பெட்டியைக் கொண்டுவரச் சொல்லுங்கோ, எண்ணெய் இடுப்புக்கு மேலே நிற்கட்டும் என்றார்.

மிஞ்சிய கடைசிப் பட்சை, தோலைத் துடைத்துக் காயவிட்டு ஒட்டும்போது பெரியம்மா பார்த்துக்கொண்டு நின்றார்.

“எனக்கும் இந்த எரிவு ஆறு வருஷம் இருந்தது பிள்ளை. இரவு ரெண்டு மணிக்குக் கிணத்தடியில போய்த் தண்ணி அள்ளி ஊத்துவன். உன்ரை பெரியப்பா கள்ளன் எண்டு ரோச் அடிச்சவர்.”