டிராவல் ஏஜென்ட் இல்லாமல் ஐரோப்பா: எங்கள் பல வருஷ அனுபவம்

ஐரோப்பாவுக்கு நாங்களே திட்டம் போட்டுப் போய்வர ஆரம்பித்துப் பல வருஷங்கள் ஆகின்றன. கொரோனாவுக்கு முன்பும் போயிருக்கிறோம், பின்பும் போயிருக்கிறோம். இருவராகவும், மகளோடும். எல்லோரும் முதலில் கேட்பது "எவ்வளவு மிச்சம்?" என்பதுதான். கொஞ்சம் மிச்சமாகிறது, ஆனால் அதற்காக இதைச் செய்யவில்லை. ஓர் ஊரில் எத்தனை நாள் இருப்பது, எப்போது எழுந்து கிளம்புவது, மழை வந்தால் என்ன செய்வது என்பதையெல்லாம் நாமே முடிவு செய்யலாம். அந்தச் சுதந்திரத்துக்காகத்தான் இன்றைக்கும் இப்படியே போகிறோம். பதிலுக்கு, கிளம்புவதற்கு முந்தைய மூன்று நான்கு மாதங்களின் மாலை நேரங்கள் இதிலேயே போய்விடும். அந்த நேரமும் பொறுமையும் இருப்பவர்களுக்குத்தான் இது சரிப்படும்.

வழி போடுவதிலிருந்து தொடங்குகிறேன். இங்கே விற்கும் பேக்கேஜ் டூர் பெரும்பாலும் பேருந்தை வைத்துப் போடப்பட்டது. பாரிஸ், பிரஸ்ஸல்ஸ், ஆம்ஸ்டர்டாம், கொலோன், சுவிஸ், வெனிஸ், பீசா, ரோம் என்று பத்துப் பன்னிரண்டு நாளுக்குள் எல்லாம் வந்துவிடும். ஐரோப்பிய விதிப்படி பேருந்து ஓட்டுநர் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வெடுக்க வேண்டும்; பொதுவாக ஒரு நாளைக்கு 9 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. நல்ல விதி. ஆனால் அதற்குள் அத்தனை ஊரையும் அடக்கினால் பகலில் பாதி நெடுஞ்சாலையில் போய்விடும், இரவு ஊருக்கு வெளியே இருக்கும் விடுதியில் கழியும்.

நாங்கள் ஊர்களைக் குறைத்துக்கொள்கிறோம். முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்லும் வழி இதுதான்: பாரிஸில் நான்கு இரவு, சுவிஸ் மலைப்பகுதியில் நான்கு, வெனிஸில் இரண்டு, ஃப்ளோரன்ஸில் இரண்டு, ரோமில் மூன்று. விமானத்தில் 'மல்டி சிட்டி' என்று தேடி, பாரிஸில் இறங்கி ரோமிலிருந்து திரும்புவதுபோல் டிக்கெட் எடுங்கள். போன இடத்துக்கே திரும்பி வந்து விமானம் பிடிக்கும் ஒரு நாள் மிச்சமாகும். நடுவில் எல்லாம் ரயில். பாரிஸ் கார் த லியோன் நிலையத்திலிருந்து பாசெல் மூன்று மணி நேரம், அங்கிருந்து இன்டர்லாக்கன் இரண்டு மணி நேரம். பிறகு ஸ்பீட்ஸ், பிரிக் வழியாக மிலான், மிலானிலிருந்து இரண்டரை மணி நேரத்தில் வெனிஸ். ரயில் விஷயத்தில் 'சீட் 61' என்ற இணையதளத்தை மிஞ்சிய உதவி இல்லை. எந்த நிலையத்தில் மாறுவது, எந்தப் பக்கம் உட்கார்ந்தால் ஏரி தெரியும் என்பதுவரை எழுதி வைத்திருக்கிறார்கள்.

பல நாட்டு ரயில்களுக்கும் ஒரே சீட்டான யூரெயில் பாஸ் எங்களுக்கு ஒத்துவரவில்லை. இது 33 நாடுகளில் செல்லும் என்றாலும், பிரான்ஸ், இத்தாலி அதிவேக ரயில்களில் இருக்கைக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். மூன்று நான்கு மாதம் முன்பே தனித்தனி டிக்கெட்டாக எடுத்தால், பயண நாளன்று விற்கும் விலையில் பாதிக்கும் கீழே கிடைக்கிறது. சுவிட்சர்லாந்து மட்டும் விதிவிலக்கு. அங்கே சுவிஸ் டிராவல் பாஸ் ரயில், பஸ், படகு, நகர டிராம், அருங்காட்சியகம் எல்லாவற்றுக்கும் செல்லும். 16 வயதுக்குள் இருக்கும் பிள்ளைகள் பெற்றோருடன் வந்தால் ஃபேமிலி கார்டில் இலவசம்.

அப்புறம் விசா. பலரும் ஏஜென்டைத் தேடிப் போவது இதற்காகத்தான், பார்க்கப்போனால் ஏஜென்டால் குறைவாக உதவ முடிவதும் இதில்தான். பேங்க் ஸ்டேட்மென்ட், வருமான வரி ரிட்டர்ன், அலுவலக விடுப்புக் கடிதம் எல்லாம் நம்முடையவை. கைரேகை கொடுக்க நாமேதான் போக வேண்டும். ஷெங்கன் எனப்படும் ஐரோப்பாவின் கூட்டு விசாப் பகுதியில் இப்போது 29 நாடுகள், ஒரே விசா போதும். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும், நாட்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டிடம். மேலே சொன்ன வழியில் இத்தாலியில் ஏழு இரவு வருவதால், முதலில் பாரிஸில் இறங்கினாலும் இத்தாலிக்குத்தான் விண்ணப்பம்.

ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி 15 நாளுக்குள் வாங்க மாட்டார்கள். முடிவு சொல்ல 15 நாள், தேவைப்பட்டால் 45 நாள்வரை எடுத்துக்கொள்வார்கள். ஏப்ரல், மே மாதங்களில் போக நினைத்தால் சென்னை விசா மையத்தில் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதே பெரிய பாடு, அதனால் ஜனவரியிலேயே பார்த்துவிடுங்கள். 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, 6 முதல் 11 வயதுவரை 45 யூரோ, ஆறு வயதுக்குள் இலவசம். மையத்தின் சேவைக் கட்டணம் தனி. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும்.

நாங்கள் மிகக் கவனமாக எழுதுவது விண்ணப்பத்தோடு வைக்கும் கவரிங் லெட்டர். தேதி, ஊர், தங்கும் விடுதி, அடுத்த ஊருக்குப் போகும் வழி, செலவு யாருடையது, திரும்பி வந்து எந்த வேலையில் சேரப்போகிறோம் என்று ஒரு பக்கத்தில் நேராகச் சொல்லிவிடுவோம். ஒவ்வோர் இரவுக்கும் விடுதி முன்பதிவு இருக்க வேண்டும், ஒரு நாள்கூட விட்டுப்போகக் கூடாது. கட்டணமில்லாமல் ரத்து செய்யக்கூடிய அறைகளாகப் பதிவு செய்தால், விசா வந்தபிறகு நல்ல இடம் பார்த்து மாற்றிக்கொள்ளலாம்.

ஒழுங்காகப் போய்வந்தால் பலனும் உண்டு. இந்தியர்களுக்காக 2024 ஏப்ரலில் கொண்டுவந்த ஏற்பாட்டின்படி, மூன்று வருஷத்துக்குள் இரண்டு விசா வாங்கி முறையாகப் பயன்படுத்தியிருந்தால், அடுத்து இரண்டு வருஷ விசா, அதன்பின் ஐந்து வருஷ விசா கிடைக்க வழியிருக்கிறது. பாஸ்போர்ட்டும் அத்தனை காலம் செல்லுபடியாக வேண்டும், அவ்வளவுதான். அந்த நிலைக்கு வந்துவிட்டால் பாதிப் பாரம் இறங்கிவிடும்.

நுழைவுச்சீட்டுகளுக்கு ஒரு தாள் வைத்துக்கொள்கிறோம். அதில் முதலில் எழுதுவது எது எந்த நாள் மூடியிருக்கும் என்பது. பாரிஸின் லூவர் அருங்காட்சியகம் செவ்வாய்க்கிழமை இல்லை. அங்கேயே ஓர்சே அருங்காட்சியகம், பக்கத்தில் வெர்சாய் அரண்மனை திங்கள் இல்லை, ஃப்ளோரன்ஸின் உஃபிஸி ஓவியக்கூடமும் அப்படியே. வத்திக்கான் அருங்காட்சியகம் மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் மூடியிருக்கும். ஊர்களின் வரிசையைக்கூட இதைப் பார்த்து மாற்றியிருக்கிறோம். அடுத்து எழுதுவது டிக்கெட் திறக்கும் நாள். ஈஃபில் கோபுரத்துக்கு லிஃப்ட் டிக்கெட் 60 நாள் முன்பு, கொலோசியத்துக்கு 30 நாள் முன்பு திறக்கும். கொலோசியம் டிக்கெட்டில் பெயர் அச்சாகும், பாஸ்போர்ட் கேட்பார்கள். நேரடியாக அந்தந்த இடத்தின் சொந்தத் தளத்தில் வாங்குங்கள்.

இந்த முறையின் முழுப் பலனையும் நான் பார்த்தது மலையில். சுவிஸில் ரயிலிலேயே ஏறிப்போகும் யுங்ஃப்ராயோக் 3,454 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, டிக்கெட் விலையும் அதிகம். மேகம் மூடிவிட்டால் மேலே போய் வெள்ளைத் திரையைத்தான் பார்க்க வேண்டும். குழுவோடு போகிறவர்களுக்கு அது 'ஆறாம் நாள்' என்று அச்சாகியிருக்கும். வானம் எப்படியிருந்தாலும் போயாக வேண்டும். நாங்கள் லாட்டர்புருன்னன் பள்ளத்தாக்கில் நான்கு இரவு தங்கிக்கொண்டு, எந்த நாள் மேலே போவது என்று முடிவு செய்யாமலே இருப்போம். காலையில் எழுந்ததும் மலை உச்சியின் நேரலை கேமராவைப் பார்ப்போம். தெளிவாக இருந்தால் முதல் ரயில்களிலேயே ஏறிவிடுவோம், சுவிஸ் டிராவல் பாஸ் காட்டினால் 25 சதவீதம் தள்ளுபடி. மூடியிருந்தால் பிரியன்ஸ் ஏரியில் படகு, அல்லது பெர்ன் நகரம். அப்படிக் காத்திருந்து போன ஒரு காலையில் அலெட்ச் பனியாறு நீல வானத்துக்குக் கீழே வளைந்து போவதைப் பார்த்தோம். அந்த ஒரு நாளுக்காகவே நான்கு இரவு தங்கலாம். ஒன்று மட்டும் கவனியுங்கள்: ஏப்ரல் கடைசி, மே மாதங்களில் பல கேபிள் கார்களைப் பராமரிப்புக்காக நிறுத்திவிடுவார்கள், உயரமான நடைபாதைகளில் பனி இருக்கும். பள்ளி விடுமுறையில் போகிறவர்கள் அந்தந்தக் கேபிள் கார் தளத்தில் தேதி பார்த்துக்கொள்ளுங்கள்.

வெனிஸிலும் இதே கதைதான். அறை வாடகை குறைவு என்று எதிர்க்கரை நிலப்பகுதியில் இருக்கும் மெஸ்த்ரேயில் தங்கினால் பகல் கூட்டத்தோடு வந்து பகல் கூட்டத்தோடு திரும்ப வேண்டியிருக்கும். தீவுக்குள்ளேயே தங்குங்கள். இரவு ஒன்பது மணிக்குமேல் அந்தச் சந்துகள் வேறு ஊர். பகல்நேரப் பயணிகளுக்கு 2024 முதல் குறிப்பிட்ட நாட்களில் நுழைவுக் கட்டணம் உண்டு, அங்கே இரவு தங்குபவர்களுக்கு அது கிடையாது. பெட்டி மட்டும் சிறியதாக இருக்கட்டும், ஒவ்வொரு பாலத்திலும் படி ஏறித் தூக்க வேண்டும்.

சாப்பாட்டைப் பற்றிப் பயப்படுகிறவர்கள் அதிகம். நாங்கள் சைவம். இத்தாலியில் சைவம் ஒரு பிரச்சினையே இல்லை. சுவிஸில் சமையலறை உள்ள அறை எடுத்து, கோப், மிக்ரோ கடைகளில் அரிசி, தயிர், காய் வாங்கிச் சமைத்துவிடுவோம். ஞாயிற்றுக்கிழமை ரயில் நிலையக் கடைகள் தவிர மற்றவை மூடியிருக்கும், சனிக்கிழமையே வாங்கிவிட வேண்டும். பாரிஸில் கார் து நோர் நிலையத்துக்குப் பக்கத்தில் லா ஷப்பல் பகுதி முழுக்க ஈழத்தமிழர் கடைகள், தோசையும் கொத்து ரொட்டியும் தாராளமாகக் கிடைக்கும். பெர்னில் சமயங்களின் இல்லம் என்று ஒரே கட்டடத்தில் பல மதங்களுக்கும் வழிபாட்டிடம் வைத்திருக்கிறார்கள். அங்கே தமிழர்கள் நடத்தும் சைவக் கோயில் இருக்கிறது, வணக்கம் என்ற பெயரிலேயே சைவ உணவகமும் இருக்கிறது. ஊர்விட்டு ஊர் வந்து இதையெல்லாம் நிலைநிறுத்தியவர்களை நினைத்தால் மனம் நெகிழ்கிறது.

செலவில் கணக்குப் போட மறப்பது நகர வரி. ரோமில் மூன்று நட்சத்திர விடுதியில் ஆளுக்கு ஓர் இரவுக்கு 6 யூரோ, அறை வாடகைக்கு மேல் தனியாக வாங்குவார்கள். கடையில் கார்டு இயந்திரம் ரூபாயில் கட்டுகிறீர்களா, யூரோவிலா என்று கேட்டால் யூரோ என்றே அழுத்துங்கள், ரூபாய் என்றால் மாற்று விகிதம் மோசமாக இருக்கும். சுற்றுலாவை மொத்தமாகத் தொகுப்பாக வாங்கினால் டி.சி.எஸ். என்ற வருமான வரி முன்பிடித்தம் பிடிப்பார்கள். பிறகு ரிட்டர்னில் திரும்ப வாங்கலாம் என்றாலும் அதுவரை பணம் முடங்கும். விமானம் தனி, விடுதி தனி என்று அவரவரிடம் நாமே வாங்கும்போது அது வருவதில்லை.

ஏதாவது தவறிப்போனால் யாரைக் கூப்பிடுவது? நியாயமான கேள்வி. ஒரு முறை ஃப்ளோரன்ஸிலிருந்து ரோமுக்குக் கிளம்ப வேண்டிய நாளில் ரயில் வேலைநிறுத்தம். இத்தாலியில் இதை முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். வேலை நாட்களில் காலை 6 முதல் 9, மாலை 6 முதல் 9 வரை அத்தியாவசியப் பிராந்திய ரயில்கள் ஓடும், தொலைதூர ரயில்களுக்கும் தனிப் பட்டியல் உண்டு. விடியற்காலையிலேயே நிலையம் போய்ப் பட்டியலில் இருந்த ரயிலில் ஏறிவிட்டோம், பழைய டிக்கெட்டுக்குப் பணம் திரும்பி வந்தது. இதைவிட மோசமான அனுபவம் விமான டிக்கெட்டில். நேரம் மாறியபோது, டிக்கெட் விற்ற இணையதளம் விமான நிறுவனத்தைக் கேள் என்றது, அவர்கள் தளத்தைக் கேள் என்றார்கள். பணம் வரப் பல மாதம் ஆனது. அதன்பிறகு ஆயிரம் இரண்டாயிரம் கூடினாலும் விமான நிறுவனத்திடம் நேராகத்தான் வாங்குகிறோம்.

வயதானவர்கள் விஷயத்தில் மட்டும் என் கருத்து வேறு. எங்கள் அப்பா அம்மாவைக் குழுப் பயணத்தில்தான் அனுப்பினோம். விடுதி வாசலிலேயே பேருந்து, பெட்டி தூக்க ஆள், கூடவே வரும் சமையல்காரர், பேச்சுத்துணைக்கு நம் ஊர்க்காரர்கள். சந்தோஷமாகப் போய்வந்தார்கள். அவர்களை நீங்களே கூட்டிப்போவதென்றால் இரண்டே ஊரோடு நிறுத்துங்கள், லிஃப்ட் உள்ள விடுதியா என்று எழுதிக் கேளுங்கள். சக்கர நாற்காலி உதவியை விமானத்துக்கு 48 மணி நேரம் முன்பே பதிவு செய்யுங்கள். இத்தாலியின் பெரிய ரயில் நிலையங்களில் இதே உதவிக்கு 'சாலா ப்ளு' என்ற பிரிவு இருக்கிறது, அதற்கும் முன்பதிவு வேண்டும்.