திருமணப் பதிவா, எம்ப்ளாய்மெண்ட் பாஸா? மலேசியரின் வெளிநாட்டுத் துணை இங்கே வேலை செய்ய என்ன வழி

கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் பொதுவாக 12 மாதம் ஒரே வீட்டில் வாழ்ந்ததற்கு ஆதாரம் காட்டினால், கல்யாணம் ஆகாத ஜோடியையும் தம்பதிபோல எடுத்துக்கொள்வார்கள். அந்த நம்பிக்கையில் கோலாலம்பூருக்கோ பினாங்குக்கோ வருகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மலேசியக் குடிமகனோடு நீங்கள் பத்து வருடம் குடித்தனம் நடத்தியிருந்தாலும், வேலை பெர்மிட் விஷயத்தில் அது கணக்கில் வராது. வாடகை ஒப்பந்தத்தில் இரண்டு பெயரும் இருக்கலாம், வங்கிக் கணக்கு ஒன்றாக இருக்கலாம். குடிநுழைவுத் துறை கேட்பது திருமணச் சான்றிதழை.

நம் ஆட்களில் சிலருக்குத் தாங்களும் இப்படிப் பதிவில்லாத ஜோடிதான் என்பதே தெரியாது. கோயிலில் தாலி கட்டி, மண்டபத்தில் விருந்து வைத்து, ஊரே வந்து வாழ்த்திவிட்டுப் போயிருக்கும். ஆனால் 1976ஆம் ஆண்டு திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணம் அந்தச் சட்டப்படி, பதிவதிகாரி முன்னிலையில் நடக்க வேண்டும். சில கோயில்களில் துணைப் பதிவதிகாரி இருப்பார்; அங்கே கையெழுத்தும் முடிந்துவிடும். அப்படி இல்லாத கோயிலில் தாலி மட்டும் கட்டியவர்கள், அரசாங்கத்தின் கண்ணில் இன்னும் சேர்ந்து வாழும் ஜோடிதான். (முஸ்லிம்களுக்கு மாநில இஸ்லாமியச் சட்டம் தனி. அது வேறு பாதை, இங்கே நான் தொடவில்லை.)

நடைமுறையில் பெரும்பாலோருக்கு இரண்டு வழிதான். ஒன்று, துணை தன் படிப்பையும் சம்பளத்தையும் வைத்து எம்ப்ளாய்மெண்ட் பாஸ் வாங்குவது. இன்னொன்று, திருமணத்தைப் பதிந்து, நீண்டகால சமூக வருகை பாஸ் எடுத்து, அதன் மேல் வேலை அனுமதி வாங்குவது.

எம்ப்ளாய்மெண்ட் பாஸுக்கு உங்கள் உறவைப் பற்றி ஒரு கேள்வியும் வராது. விண்ணப்பிப்பது கம்பெனி. பினாங்கின் பாயான் லெப்பாஸ் செமிகண்டக்டர் தொழிற்சாலைகளிலும் கோலாலம்பூர் ஐடி கம்பெனிகளிலும் மனிதவளப் பிரிவுக்கு இது பழகிப்போன வேலை. தடை சம்பளத்தில் இருக்கிறது. சம்பளத்தை வைத்து இந்த பாஸில் மூன்று பிரிவு. அடிமட்டமான மூன்றாம் பிரிவு முன்பு மாதம் 3,000 ரிங்கிட்டிலிருந்து தொடங்கியது. 2026 ஜூன் 1 முதல் அது பொதுவாக 5,000. முதல் பிரிவு 10,000லிருந்து 20,000க்கு ஏறிவிட்டது. கம்பெனியின் பக்கமும் நிபந்தனை உண்டு: முழு உள்ளூர் கம்பெனி என்றால் பங்குதாரர்கள் செலுத்திய மூலதனம் குறைந்தது 250,000 ரிங்கிட், முழு வெளிநாட்டுக் கம்பெனி என்றால் 500,000. சித்தப்பாவின் அச்சகத்திலோ அக்காவின் பூக்கடையிலோ வேலை போட்டுக் கொடுத்துச் சமாளிக்கலாம் என்ற யோசனை இங்கேயே நின்றுவிடும்.

இந்த பாஸின் பெரிய பலவீனம், அது வேலையோடு பிறந்து வேலையோடு சாகும். எனக்குத் தெரிந்த ஒரு ஜோடி, பெண் பினாங்குக்காரி, பையன் சென்னை எஞ்சினியர். ஆள்குறைப்பு என்று ஒரு வெள்ளிக்கிழமை மதியம் மின்னஞ்சல் வந்தது. அதில் நட்ட ஈட்டைப் பற்றி மூன்று பத்தி; பாஸ் ரத்தாவதைப் பற்றிக் கடைசியில் ஒரே வரி. அந்த ஒரு வரிக்காக இருவரும் ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. வாடகை வீடு அப்படியே இருக்கிறது, காதலியும் இங்கேதான் இருக்கிறாள், அவன் மட்டும் நாட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும்.

அடுத்தது திருமண வழி. பதிவுக்கு மனு கொடுத்தால் 21 நாள் அறிவிப்பு ஒட்டப்படும். ஆட்சேபம் இல்லை என்றால் திருமணம். வெளிநாட்டவர் கடப்பிதழோடு, தனக்கு வேறு திருமணம் இல்லை என்பதற்குத் தன் நாட்டுத் தூதரகம் உறுதிசெய்த கடிதமும் காட்ட வேண்டும். பிறகு சமூக வருகை பாஸுக்குத் தம்பதி சேர்ந்து போகிறார்கள். அந்த பாஸ் கிடைத்ததுமே வேலைக்குப் போய்விடலாம் என்று நினைப்பது ஆபத்து. தங்குவதற்கான அனுமதி வேறு, வேலை செய்வதற்கான அனுமதி வேறு. இரண்டாவதையும் குடிநுழைவுத் துறையிடம் கேட்டு வாங்கிய பிறகே வேலையில் சேர வேண்டும்.

அந்த அனுமதி கிடைத்துவிட்டால் கிடைக்கும் சுதந்திரம் பெரியது. எம்ப்ளாய்மெண்ட் பாஸின் சம்பள வரம்பு இதற்கு இல்லை, மூலதனக் கணக்கும் இல்லை. டியூஷன் சென்டரில் பாடம் எடுப்பவருக்கும், பேக்கரியில் வேலை பார்ப்பவருக்கும் பொருந்துகிற வழி இது ஒன்றுதான். ஒரே சிக்கல், பல முதலாளிகளுக்கு இதைப் பற்றித் தெரியாது. 'சமூக வருகை' என்ற சொல்லைப் பார்த்ததும் விண்ணப்பத்தை ஓரமாக வைத்துவிடுகிறார்கள். வேலை அனுமதியின் நகலை முதல் நாளே அனுப்பிவிடுங்கள்.

இந்த வழியின் ஆழமான குறை வேறு. பாஸைப் புதுப்பிக்க மலேசியத் துணையின் ஒத்துழைப்பு வேண்டும். வீட்டில் அடி உதை இருந்தாலும், அந்தக் கையெழுத்துக்காக வாய் மூடி இருக்கும் பெண்கள் உண்டு. இதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஐந்து வருடம் இந்த பாஸில் இருந்த பிறகு நிரந்தர வசிப்பிடத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்பது நீண்ட காத்திருப்பு. குடியுரிமையில் இன்னொரு ஓரவஞ்சனையும் இருக்கிறது: மலேசிய ஆணின் வெளிநாட்டு மனைவி விண்ணப்பிக்க அரசியலமைப்பின் 15ஆவது பிரிவு வழிவிடுகிறது, மலேசியப் பெண்ணின் வெளிநாட்டுக் கணவருக்கு அப்படி ஒரு வழி அதில் இல்லை.

வெளிநாட்டுக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை செய்பவருக்கு 2022இல் வந்த டிஇ ரந்தாவ் பாஸ் இருக்கிறது. தொழில்நுட்பத் துறை என்றால் ஆண்டுக்கு 24,000 அமெரிக்க டாலர் வருமானம் காட்ட வேண்டும்; மற்றத் துறைகளுக்கு 60,000. 12 மாதம் வரை கிடைக்கும், இன்னொரு 12 மாதம் நீட்டலாம். கல்யாணத்தைப் பற்றி யோசிக்க அவகாசம் வேண்டும் என்பவர்களுக்கு நல்லது, அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். டூரிஸ்டாக வந்து, தாய்லாந்து எல்லைவரை போய்த் திரும்பி, கையில் சம்பளம் வாங்கும் பழக்கத்தை ஒரு வழியாகவே நான் சேர்க்கவில்லை. பிடிபட்டால் கறுப்புப் பட்டியல். பிறகு கல்யாணமே செய்தாலும் உள்ளே வருவது கஷ்டம்.

என் தேர்வு சம்பளத்தைப் பொறுத்தது. துணைக்கு நல்ல வேலை கிடைக்குமானால், உறவு எவ்வளவு உறுதியாக இருந்தாலும் முதலில் எம்ப்ளாய்மெண்ட் பாஸ். இங்கே மூன்று வருடம் வேலை செய்து, சம்பளமும் 15,000 ரிங்கிட்டை எட்டினால், டேலண்ட்கார்ப் என்ற அரசு அமைப்பு வழியாகப் பத்து வருட ரெசிடென்ஸ் பாஸுக்கு விண்ணப்பிக்கலாம். அது முதலாளியையும் நம்பி இல்லை, வாழ்க்கைத் துணையையும் நம்பி இல்லை. அந்த நிலைமை ஒருவருக்குக் கொடுக்கும் தைரியத்தை வேறு எந்த பாஸும் கொடுக்காது. ஒரே பாலின ஜோடிகளுக்கோ, இங்கே திருமணப் பதிவே இல்லாததால், வேலை சார்ந்த பாஸ்களை விட்டால் மிகக் குறைந்த வழிகள்தான்.

சம்பளம் அந்த அளவுக்கு வராது, இருவருக்கும் சந்தேகமும் இல்லை என்றால், விருந்துக்குக் காசு சேரும்வரை காத்திருக்காமல் பதிவை முடித்துவிடுங்கள். தாலியை அடுத்த தை மாதம் கட்டிக்கொள்ளலாம். திருமணம் ஆகாதவர் என்ற அந்தக் கடிதத்துக்கு ஊரில் இருக்கும் அப்பா அம்மா இந்த வாரமே அலையத் தொடங்கட்டும். 21 நாள் கணக்கு ஆரம்பிப்பதற்கு முன்னால் கையில் இருக்க வேண்டிய காகிதம் அது.