கலோரி செயலி: கணக்கு சரி, அந்த ஒரு கேள்விதான் பிரச்சினை

சந்தாவுக்குத் தள்ளுபடி அறிவித்ததிலிருந்து இந்தச் செயலியை வாங்கலாமா என்று கேட்கிறார்கள். நியாயமாகச் சொன்னால் அடிப்படைக் கணக்கில் குறையே இல்லை. 1990-இல் வந்த மிஃப்லின்–செயின்ட் ஜியோர் சூத்திரம்தான் உள்ளே இருக்கிறது. எடையை (கிலோ) 10-ஆலும் உயரத்தை (செ.மீ.) 6.25-ஆலும் பெருக்கிக் கூட்டி, வயதின் ஐந்து மடங்கைக் கழிக்க வேண்டும். பிறகு ஆணுக்கு 5 கூட்ட வேண்டும், பெண்ணுக்கு 161 கழிக்க வேண்டும். 70 கிலோ, 170 செ.மீ., 35 வயது ஆணுக்கு ஏறக்குறைய 1,593. நாள் முழுக்கச் சும்மா படுத்திருந்தாலே உடலுக்குச் செலவாகும் கலோரி இது.

அடுத்த திரையில்தான் எரிச்சல். "உங்கள் செயல்பாட்டு நிலை என்ன?" நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு, வாரம் நான்கு நாள் ஒரு மணி நேரம் நடப்பவர் "மிதமானது" என்பதைத்தான் தொடுவார். அது அந்த 1,593-இன் 1.55 மடங்கு, அதாவது 2,468. உட்கார்ந்த வேலைக்கான 1.2 என்றால் 1,911 தான். இடையில் 557 கலோரி! அந்த நடையின் கூடுதல் செலவோ மணிக்குச் சுமார் 175. வாரம் முழுக்கப் பங்கிட்டால் நாளுக்கு 100. மீதி எங்கிருந்து வரும்? போதாததற்குக் கைக்கடிகாரத்தை இணைத்தால் அதே நடையை இன்னொரு முறை கூட்டிக் காட்டுகிறது. ஒன்று, 1.2 வைத்து இணைப்பை அப்படியே வைத்திருங்கள். இல்லை, பெருக்கத்தை உயர்த்தி இணைப்பைத் துண்டியுங்கள். உயர்ந்த பெருக்கமும் இணைப்பும் சேர்ந்தால் எடை குறைவது கடினம்.

எதிர்பாராத சந்தோஷம், ஏழு நாள் எடைச் சராசரிக் கோடு. தினமும் காலையில், சாப்பிடுவதற்கு முன் எடை பாருங்கள். உணவுமுறை மாறிய முதல் வாரத்தை விட்டுவிடுங்கள், அது பெரும்பாலும் தண்ணீர். பிறகு மூன்று வாரம் நாளுக்கு 1,950 சாப்பிட்டுச் சராசரிக் கோடு மொத்தம் 0.6 கிலோ இறங்கினால், கிலோவுக்கு 7,700 கலோரி வீதம் 4,620. 21 நாளால் வகுத்தால் நாளுக்கு 220 பற்றாக்குறை. ஆக உண்மையான தேவை 2,170. மாதவிடாய் உள்ளவர்கள் சுழற்சியின் அதே நாட்களை ஒப்பிட வேண்டும். எண்ணெயைக் கொஞ்சம் குறைத்து எழுதும் பழக்கம் இருந்தாலும் கவலையில்லை. எப்போதும் அதே அளவு பிசகினால் அதுவும் இந்த எண்ணுக்குள் அடங்கிவிடும்.

இவ்வளவு நல்ல கோட்டை இலவசமாகவே தருகிறார்கள். ஆனாலும் அந்தச் செயல்பாட்டுக் கேள்வியைத் திருத்தும்வரை சந்தா கட்டாதீர்கள் என்றுதான் சொல்வேன்.