முழு நாளா, அரை நாளா, வீட்டிலிருந்தா? மார்பகப் புற்றுநோய்க்குப் பிறகு வேலைக்குத் திரும்பும்போது

கடைசி நாள் கரண்ட் (ரேடியேஷன்) வைத்து முடித்ததும் டாக்டர், “இனிமே நீங்க வேலைக்குப் போகலாம்மா” என்றார். எத்தனை மணி நேரம் என்று நான் கேட்கவே இல்லை. ஆப்பரேஷன், 4 பெரிய கீமோ, வாரம் ஒன்றாக 12 கீமோ, 15 நாள் ரேடியேஷன் எல்லாம் முடிந்த சந்தோஷம். கிண்டியில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவு எனக்கு. அங்கே மூன்று வழி சொன்னார்கள். பழையபடி முழு நாள். இரண்டு மாதம் அரை நாள், அரைச் சம்பளம். வீட்டிலிருந்தே வேலை, முழுச் சம்பளம். கடைசி இரண்டையும் நானே செய்து பார்த்தேன். முழு நாள் போனது, எனக்கு முன்பே சிகிச்சை முடித்த ஒரு தோழி.

முழு நாளில் சம்பளம் குறையாது. “பழைய ஆள் வந்தாச்சு” என்று எல்லோரும் நினைப்பார்கள், அதுவும் ஒரு தெம்புதான். ஆனால் தோழிக்குச் சிக்கல் மின்சார ரயிலில் தொடங்கியது. தாம்பரத்தில் ஏறி எழும்பூர் வரை, காலை நெரிசலில், லேடீஸ் பெட்டியில் நின்றுகொண்டு. ஆப்பரேஷன் நடந்த பக்கத்துக் கை மேல் கம்பி வரை எட்டாது. இன்னொரு கையால் பிடித்தால், சாப்பாட்டுப் பையும் தண்ணீர் பாட்டிலும் ஆப்பரேஷன் ஆன தோளில்தான் தொங்கும். மூன்றாவது வாரம் அந்தக் கையிலிருந்து வளையல் கழலவில்லை. அக்குளில் நிணநீர் முடிச்சுகளை எடுத்தவர்களுக்குக் கை வீங்கும் வாய்ப்பு எப்போதும் உண்டு. கை கனப்பது போலத் தோன்றினாலே டாக்டரிடம் காட்டிவிட வேண்டும். அவர் இப்போது வீக்கம் குறைய, கையை இறுக்கிப் பிடிக்கும் அழுத்த உறை போட்டுக்கொண்டு போகிறார். மே மாத வெயிலில் அது எப்படி இருக்கும் என்று சென்னைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

அதைப் பார்த்துப் பயந்து நான் வீட்டிலிருந்து வேலை செய்யத்தான் முதலில் ஒப்புக்கொண்டேன். முழுச் சம்பளம், அலைச்சல் இல்லை, முடி வளராத தலையை யாரும் பார்க்கப் போவதில்லை. ஆறு வாரம் தாங்கினேன். அலுவலகத்துக்குப் போகிறவளுக்கு வீட்டில் கிடைக்கும் சலுகை, வீட்டிலேயே இருப்பவளுக்குக் கிடைக்காது. “வீட்டுலதானே இருக்கே, குக்கரை மட்டும் இறக்கி வச்சிடும்மா” என்று மாமியார் அன்பாகத்தான் சொல்வார். கேஸ் சிலிண்டர்காரர் வருவார், பிள்ளை பள்ளியிலிருந்து வருவான், விசாரிக்க வரும் உறவினருக்குக் காபி போட வேண்டும். மதியம் படுக்கலாம் என்று நினைத்த நேரம் பாத்திரத்துக்குப் போய்விடும். சிகிச்சையால் வரும் இந்தச் சோர்வு தூங்கி எழுந்தால் போகிற சோர்வு இல்லை. சிகிச்சை முடிந்து பல மாதம் கூட இருக்கும்.

இன்னொன்றும் நடந்தது. கீமோவில் விரல் நுனி மரத்துப்போயிருந்தது. எண் விசையில் 5 என்று நினைத்து 8-ஐத் தட்டியிருக்கிறேன், தெரியவில்லை. கவனமும் முன்போல நிற்கவில்லை. ஒரே பில்லை இரண்டு தடவை ஏற்றியிருந்தேன். வீட்டில் தனியாக இருந்ததால் மாதக் கடைசியில்தான் கண்டுபிடித்தோம். அன்று ராத்திரி அழுதேன்.

அப்புறம்தான் அரை நாளுக்கு மாறினேன். பத்து மணிக்குள் போனால் போதும் என்பதால் குரோம்பேட்டையில் கூட்டம் குறைந்த வண்டியில் உட்கார்ந்தே போகலாம். ஒன்றரைக்குக் கிளம்பி, சாப்பிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு படுத்தால் யாரும் எழுப்புவதில்லை, வேலைக்குப் போய்விட்டு வந்தவள் அல்லவா. நான் போட்ட பதிவை அடுத்த மேஜைப் பெண் ஒரு தடவை பார்த்துவிடுவாள். இப்போது சாப்பிடும், ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரையால் திடீரென்று உடம்பு கொதித்து வேர்க்கும்போது ஏசிக்குக் கீழே போய் நிற்பேன். அரைச் சம்பளம் வலிக்கத்தான் செய்தது. நகைக் கடனுக்கு வட்டி மட்டும் கட்டிய மாதங்கள் அவை. இருந்தாலும் என்னைக் கேட்டால், முதல் இரண்டு மாதத்துக்கு அரை நாள்தான். மூன்று வாரத்துக்கு ஒரு முறை சிகிச்சை ஊசி இன்னும் ஓடுகிறவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். ஆபீஸ் தூரமாக இருந்து, வீட்டில் சமையலுக்கு வேறு ஆள் இருந்தால் வீட்டிலிருந்து செய்வது சரிப்பட்டு வரலாம்.

இந்த மூன்றில் எதுவுமே கிடைக்காதவர்கள்தான் அதிகம். எங்கள் தெரு அக்கா ஒருவருக்கும் இதே நோய். அவருக்குத் தி. நகர் ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கிற வேலை. “முடியலம்மா, எழுதிக் கொடுத்துட்டு நின்னுடறேன்” என்றார். ராஜினாமா எழுதிக் கொடுக்கவே கூடாது என்று சொன்னேன். சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து ஈஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) பிடிக்கிறார்கள் என்றால், முதல் 91 நாளுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம் வரும். புற்றுநோய் நீண்டகால நோய்ப் பட்டியலில் இருப்பதால், இரண்டு வருட சர்வீஸும் போதுமான சந்தாவும் உள்ளவர்களுக்கு அதன் பிறகும் 80 சதவீதம், அதிகபட்சம் இரண்டு ஆண்டு வரை நீட்டிக்க வழி இருக்கிறது. நோய்க்கால உதவி வாங்கும்போது முதலாளி வேலையை விட்டு நிறுத்தவும் கூடாது. கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இலேயே சட்டத்தைத் திருத்திவிட்டார்கள்.

அக்கா கே.கே. நகர் ஈஎஸ்ஐ ஆஸ்பத்திரியில் சான்றிதழ் வாங்கிக் கொடுத்துவிட்டார். தை பிறந்ததும் வேலைக்குப் போகிறார். புடவைப் பிரிவு வேண்டாம், பில் போடும் இடத்தில் நாற்காலி போட்டுக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார். கடைக்காரரும் சரி என்று சொல்லியிருக்கிறார்.