ஒரிஜினல் பெட்டி, டூப்ளிகேட் பிரேக் பேட்: பார்த்து மாற்றுங்கள்

காருக்கு பிரேக் பேட் மாற்றப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஒரிஜினல் என்று வாயாலும் சொல்லி, பில்லிலும் எழுதி, என் காரில் டூப்ளிகேட்டை மாட்டி அனுப்பியிருக்கிறார்கள். கம்பெனி பெயர் அச்சிட்ட பெட்டியைக்கூடக் காட்டினார்கள், உள்ளே இருந்ததை மட்டும் காட்டவில்லை.

கொஞ்ச நாளிலேயே பிரேக் மிதித்தால் கரகரவென்று இரும்பு உரசும் சத்தம். கேட்டால், "புது பேட், செட்டாகிற வரைக்கும் அப்படித்தான் இருக்கும்" என்றார்கள். புது பேட், சக்கரத்தோடு சுற்றும் டிஸ்கோடு படிய கொஞ்சம் ஓட வேண்டும் என்பது உண்மைதான், ஆனால் அதற்கு இரும்புச் சத்தம் வராது. வேறொரு மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றிக் காட்டியபோது வயிறு கலங்கிவிட்டது. இரும்புத் தகட்டோடு ஒட்டிக்கொண்டிருக்க வேண்டிய உராய்வுப் பட்டை பாதி பெயர்ந்து போய், மீதி கையால் தொட்டாலே ஆடுகிறது. தகடு நேராக டிஸ்கில் உரசி, நகம் மாட்டுகிற ஆழத்துக்கு வட்ட வட்டமாகக் கோடு. டிஸ்கையும் சேர்த்தே மாற்ற வேண்டியதாயிற்று.

திரும்பப் போய்க் கேட்டதற்கு, "நாங்க போட்டது ஒரிஜினல்தான், நீங்க வேற எங்கயோ மாத்தியிருக்கீங்க" என்று பழியை என் மீதே போட்டார்கள். பில்லில் பார்ட் நம்பர் கிடையாது, "ஒரிஜினல் பிரேக் பேட், 1 செட்" அவ்வளவுதான். எதை வைத்து நிரூபிப்பது?

கார் கம்பெனி முத்திரை இல்லாததெல்லாம் மோசம் என்று நான் சொல்லவில்லை. கார் கம்பெனிகளுக்கே சப்ளை செய்கிறவர்கள் தங்கள் பெயரில் விற்கும் பேட் நன்றாகவே உழைக்கும். மாற்று பிரேக் பேட்களுக்கான ஐரோப்பிய ஆர்90 (R90) விதிப்படி தேறிய பேட் என்றால், தகட்டின் பின்பக்கம் வட்டத்துக்குள் E என்ற ஆங்கில எழுத்தும் ஒரு எண்ணும், பக்கத்தில் 90R என்று தொடங்கும் எண்ணும் இருக்கும். பெட்டியும் பிரித்தால் தெரிகிற மாதிரி சீல் வைத்து வரும். என் காரிலிருந்து கழற்றிய தகட்டில் தயாரித்தவர் பெயர்கூட இல்லை, வெறும் கறுப்பு பெயின்ட்.

அதனால் பெட்டியை உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள், மாட்டுவதற்கு முன் தகட்டின் பின்பக்கத்தை போட்டோ எடுங்கள், பெட்டியில் இருக்கும் பார்ட் நம்பரை பில்லில் எழுதி வாங்குங்கள். அப்புறம், கழற்றிய பழைய பேட்டையும் கேட்டு வாங்குங்கள், நிஜமாகவே மாற்றினார்களா என்பது அதில்தான் தெரியும். இதற்கெல்லாம் மழுப்புகிற இடம் என்றால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.