பிபிடியு கார்டா, ரூட் கார்டா?

ஸ்விட்சுகளுக்கிடையே லூப் (தரவு முடிவின்றிச் சுழல்வது) உருவாகாமல் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீ நெறிமுறையின் பாதுகாப்பு என்றதும் இவ்விரண்டையும் ஒன்றுக்கொன்று மாற்றாகக் கருதுவோர் பலர்; உண்மையில் அவற்றுக்குரிய போர்ட்டுகளே வேறு. கணினியும் பிரிண்டரும் இணையும், ஸ்பானிங் ட்ரீக்காகக் காத்திராமல் உடனே இயங்கும் போர்ட்ஃபாஸ்ட் போர்ட்டுகளுக்கு பிபிடியு கார்டே பொருத்தம். மேசைக்கு அடியில் யாரேனும் ஸ்பானிங் ட்ரீ இயங்கும் ஸ்விட்ச் ஒன்றைச் செருகினால், ரூட் (ஸ்பானிங் ட்ரீயின் மைய ஸ்விட்ச்) தேர்வில் அதன் முன்னுரிமை எதுவாயினும், முதல் பிபிடியு (ஸ்விட்சுகள் பரிமாறும் ஸ்பானிங் ட்ரீ செய்தி) வந்தவுடனேயே போர்ட் எர்ர்-டிசேபிள் என்ற முடக்க நிலைக்குப் போய்விடும். சிஸ்கோ ஸ்விட்சுகளில் தானியங்கி மீட்பு இயல்பாக முடக்கப்பட்டிருப்பதால், நிர்வாகி ஷட்டவுன், நோ ஷட்டவுன் கட்டளைகளைக் கொடுக்கும் வரை அந்த மேசைக்கு நெட்வொர்க் கிடையாது. மீட்பை இயக்கி வைத்தால் 300 வினாடிகளில் போர்ட் திரும்பும். தொல்லைதான், ஆனாலும் லூப்பைவிட மேல்.

ரூட் கார்டு இவ்வளவு கண்டிப்பானதன்று. மற்றொரு ஸ்விட்ச் முறையாகவே இணைந்திருக்கும் போர்ட்டில் சாதாரண பிபிடியுக்களை அது ஏற்றுக்கொள்ளும். ரூட் 32768 என்ற இயல்பு முன்னுரிமையில் இருக்கும்போது, அதைவிடக் குறைந்த, எனவே மேலான, 4096 என அமைக்கப்பட்ட பழைய ஸ்விட்ச் ஒன்று கீழிருந்து ரூட் இடத்தைக் கோரினால் மட்டுமே போர்ட்டை ரூட்-இன்கன்சிஸ்டன்ட் என்ற தற்காலிகத் தடுப்பு நிலையில் நிறுத்தும். அந்த மேலான பிபிடியுக்கள் நின்றபின் போர்ட் தானே மீண்டுவிடும். இந்த மென்மைக்காக, பயனர் கருவிகள் இணையும் அக்சஸ் போர்ட்டிலும் ரூட் கார்டே போதும் என்பதை நான் ஏற்கமாட்டேன். ரூட்டை நோக்கிய அப்லிங்க்கிலோ அதை இடவே கூடாது. இட்டால் உண்மையான ரூட்டின் பிபிடியுக்களே அந்த இணைப்பை அடைத்துவிடும்.