பிராஸ் பேண்ட் போட்டி: திரை மறைவில் தீர்ப்பா, நேருக்கு நேர் தீர்ப்பா?

பிரிட்டனில் நடக்கும் பெரிய பிராஸ் பேண்ட் (பித்தளைக் குழல் வாத்தியக் குழு) போட்டி ஒன்றுக்கு முதன்முறை போகிறவர் மேடையைப் பார்ப்பதற்கு முன்னால் அந்தக் கூண்டைத்தான் பார்ப்பார். அரங்கின் நடுவில், நாலாபுறமும் துணி போர்த்தி நிற்கும். உள்ளே இரண்டு அல்லது மூன்று நடுவர்கள். மேடையில் யார் என்பது அரங்கில் உள்ள அத்தனை பேருக்கும் தெரியும், அவர்களுக்கு மட்டும் தெரியாது. சீட்டுக் குலுக்கிப் போட்ட வரிசைப்படி பேண்ட்கள் வரும். கூண்டிலிருந்து விசில் ஊதினால் 'நாங்கள் தயார்' என்று பொருள். கண்டக்டர், அதாவது இசைக்குழுவை நடத்துபவர், கையை உயர்த்துவார்.

இந்த மறைப்பு சும்மா வரவில்லை. 1853-இல் மான்செஸ்டரின் பெல் வியூ பூங்காவில் தொடங்கிய போட்டிதான் இன்று பிரிட்டிஷ் ஓப்பன் என்ற பெயரில் நடக்கிறது. அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜான் கிளாட்னி, அலெக்சாண்டர் ஓவன், எட்வின் ஸ்விஃப்ட் ஆகிய மூன்று கண்டக்டர்கள் பேண்ட் உலகையே கையில் வைத்திருந்தார்கள். ஒரே போட்டியில் ஒரே ஆள் ஒன்றுக்கு மேற்பட்ட பேண்ட்களை நடத்துவது சாதாரணம். இன்றும் அந்த உலகம் சின்னதுதான். இந்த மாதம் நடுவராக உட்கார்ந்திருப்பவர் அடுத்த மாதம் வேறொரு மேடையில் கண்டக்டராக நிற்பார். அவர் எழுதிய இசையை இன்னொரு பேண்ட் காசு கொடுத்து வாங்கியிருக்கும். அப்படிப்பட்ட இடத்தில் துணி கட்டாமல் தீர்ப்புச் சொன்னால் தோற்றவர் ஒருவரும் நம்ப மாட்டார்.

மற்ற வகை பேண்ட்கள் வேறு வழியில் போயின. ஸ்காட்லாந்தின் பைப் பேண்ட் (பேக்பைப்பும் முரசும் சேர்ந்த குழு) போட்டிகளில் நடுவர்கள் வாசிப்பவர்களின் வட்டத்தைச் சுற்றி நடந்தபடியே குறிப்பு எழுதுவார்கள். சீருடையும் தெரியும், முரசில் எழுதிய பெயரும் தெரியும். அமெரிக்காவின் டிரம் கோர் (அணிவகுத்தபடி பித்தளை வாத்தியமும் முரசும் வாசிக்கும் குழு) போட்டிகளிலும் நடுவர்கள் கண் திறந்தே உட்கார்ந்திருப்பார்கள். அங்கே அணிவகுப்பும் அசைவும் மதிப்பெண்ணில் சேர்வதால் திரைக்கு இடமே இல்லை.

திரை எதற்கு என்று கேட்பவர்களுக்கு 2013-இல் ஆய்வாளர் சியா-ஜுங் ட்சே வெளியிட்ட ஆய்வு போதும். இசைப் போட்டிகளின் இறுதிச் சுற்றுப் பதிவுகளிலிருந்து துண்டுகளைக் கொடுத்து வென்றவர் யார் என்று கேட்டார். ஒலி மட்டும் கேட்டவர்களைவிட, ஒலியை அணைத்துக் காட்சியை மட்டும் பார்த்தவர்கள் கூடுதலாகச் சரியாகச் சொன்னார்கள். தொழில்முறை இசைக்கலைஞர்களும் இதற்கு விலக்கல்ல. அதே ஆட்களிடம் கேட்டால் 'ஒலிதான் முக்கியம்' என்றுதான் சொல்வார்கள். பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்புகிறார்கள். கண் தன் வேலையைக் காட்டியதே அவர்களுக்குத் தெரியவில்லை.

ஆனால் திரையின் பலம் எதை வாசிக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. எல்லா பேண்ட்களும் ஒரே டெஸ்ட் பீஸ் (போட்டி விதித்த கட்டாயப் படைப்பு) வாசிக்கும்போது திரை ஓரளவு வேலை செய்யும். ஓரளவு என்றுதான் சொல்ல முடியும். பல ஆண்டு கேட்ட காதுக்கு ஒரு பேண்டின் திரண்ட ஒலியோ முதன்மை கார்னெட்காரரின் (கார்னெட் என்பது டிரம்பெட் போன்ற சிறு குழல்) அதிர்வோ அடையாளம் சொல்லிவிடும். அவரவர் விருப்பப் படைப்பை வாசிக்கும் சுற்றில் திரை பாதி பொம்மைதான். தங்களுக்கென்றே எழுதி வாங்கிய புதுப் படைப்பை வாசித்தால், இது யாராக இருக்கும் என்று நடுவர் ஊகிக்காமல் இருப்பாரா? ஊகம் சரியாக இருந்தால் திரை வீண். தவறாக இருந்தால் இன்னும் மோசம்: ஒருவர் மேல் உள்ள அபிமானமோ கசப்போ சம்பந்தமில்லாத வேறொருவர் தலையில் விழும்.

1978 முதல் நடக்கும் ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பில் கட்டாயப் படைப்பும் விருப்பப் படைப்பும் இரண்டு சுற்றுகளாக, வெவ்வேறு நடுவர் குழுக்கள் முன் நடக்கின்றன. இந்தப் பிரிவினை நல்ல யோசனை. முதல் சுற்றில் உருவான அபிப்பிராயம் இரண்டாவதில் ஒட்டிக்கொண்டு வராது.

திரையால் தொடவே முடியாத இன்னொரு கோளாறு வாசிக்கும் வரிசை. எண் ஒன்றை எடுத்த பேண்ட்காரர்களின் முகத்தைப் பார்த்தாலே புரியும். அவர்கள் அச்சத்துக்கு ஆதாரம் வேறொரு போட்டியிலிருந்து கிடைத்தது. பிரஸ்ஸல்ஸில் நடக்கும் ராணி எலிசபெத் பியானோ, வயலின் போட்டிகளின் இறுதிச் சுற்றில் 12 பேர், மாலைக்கு இருவராக, ஆறு மாலைகள் வாசிப்பார்கள். வரிசை குலுக்கலில் முடிவாகும். முதல் நாள் வாசித்தவர்கள் மேலிடம் பிடிப்பது அரிது என்று 1996-இல் ஆய்வாளர்கள் ஃப்ளோரஸ், கின்ஸ்பர்க் இருவரும் காட்டினார்கள். அங்கேயும் எல்லோரும் புதிதாக எழுதப்பட்ட ஒரே படைப்பை வாசித்தாக வேண்டும். முதல் நாளில் அது நடுவர்களின் காதுக்கும் புதிது. பேண்ட் போட்டியின் டெஸ்ட் பீஸ் நிலைமையும் இதே. காலையில் வருபவருக்கு நடுவர் கையை இறுக்கி மதிப்பெண் போடுவார், பின்னால் வருபவர்களுக்கு மேலே இடம் வேண்டுமே. போட்டிக்கு முந்தைய நாளே ஒரு பேண்டை அழைத்து அந்தப் படைப்பைக் கூண்டுக்குள் இருப்பவர்களுக்கு வாசித்துக் காட்டினால் பாதிப் பிரச்சினை தீரும் என்பது என் கணிப்பு.

அடுத்தது மதிப்பெண்ணா, தரவரிசையா? இதில் பலரும் தரவரிசைதான் பாதுகாப்பு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். மூன்று நடுவர்கள். முதலாமவர் 'அ' பேண்டுக்கு 96, 'ஆ' பேண்டுக்கு 95. இரண்டாமவர் 95, 94. மூன்றாமவருக்கு 'அ' பிடிக்கவில்லை: 82, 92. கூட்டினால் 'அ' 273, 'ஆ' 281. மூவரில் இருவர் முதலிடம் கொடுத்த பேண்ட், ஒரே ஆள் கையை நீட்டியதால் தோற்கிறது. சரி, வரிசையைக் கூட்டுவோம். மூன்றாமவர் 'அ'வை இரண்டாவதாக வைத்தால் 1+1+2 என்று 4; 'ஆ' 2+2+1 என்று 5. குறைந்த எண்ணுக்கே வெற்றி, ஆக 'அ' வெல்கிறது. ஆனால் அவர் நடுவில் வேறு இரண்டு பேண்ட்களைச் செருகி 'அ'வை நான்காவதாக்கினால் 6க்கு 5, மறுபடியும் 'ஆ'. தரவரிசை ஒருவரின் வெறுப்புக்குக் கடிவாளம் போடுகிறது, கட்டிப்போடவில்லை. நடுவர்கள் கூடக்கூட அந்தக் கடிவாளம் இறுகும். 2015 வார்சா சோபின் பியானோ போட்டியின் இறுதியில் ஒரு நடுவர் வென்றவருக்குப் பத்துக்கு ஒன்றுதான் போட்டார். குழுவில் 17 பேர் இருந்ததால் முடிவு அசையவில்லை. மூவர் குழுவில் முடிவு அப்படி அசையாமல் நிற்பது சாத்தியமில்லை.

பைப் பேண்ட் முறையில் நால்வர்: பைப்புக்கு இருவர், முரசுக்கு ஒருவர், கூட்டிசைக்கு ஒருவர். ஒவ்வொருவரும் தனித்தனியே வரிசையிட்டு, கூட்டி, சமன் வந்தால் கூட்டிசை நடுவர் சொன்னதே முடிவு. யார் எந்த இடம் கொடுத்தார் என்பது வெளியே தெரியும், அதுதான் எனக்குப் பிடித்தது.

பிழையை எண்ணி, பிழைக்கு 0.1 மதிப்பெண் வீதம் கழிப்பதை டிரம் கோர்காரர்கள் பல ஆண்டு செய்து பார்த்து 1980-களில் கைவிட்டார்கள். பிழை வராத எளிய இசைக்குத்தான் அது பரிசு கொடுத்தது.

கூண்டுக்குள் நடுவர்கள் கலந்து பேசி ஒரே முடிவு சொல்லும் பிரிட்டிஷ் வழக்கம்தான் எனக்கு உறுத்தல். பேச்சில் வல்லவரோ வயதில் மூத்தவரோ இருந்தால் மூன்று காதுகள் ஒன்றாகிவிடும். வெளியே இருப்பவருக்கோ மூவர் தீர்ப்பு என்ற தோற்றம் மட்டும் கிடைக்கும். பேசினால் தவறவிட்டதை ஒருவர் இன்னொருவருக்கு எடுத்துச் சொல்லலாம் என்ற வாதம் சரிதான். அதற்காகச் சுதந்திரமான இரண்டு தீர்ப்புகளை இழப்பது கட்டுப்படியாகாது. திரையா, திறந்த மேடையா என்பதில் நடக்கும் சண்டையைவிட, ஒரே கூண்டா மூன்று கூண்டுகளா என்பதில்தான் நியாயம் அதிகம் தொங்குகிறது. டெஸ்ட் பீஸுக்குத் திரை, விருப்பப் படைப்புக்கும் பொழுதுபோக்கு நிகழ்ச்சிக்கும் திறந்த கண், எங்கேயும் தனித்தனி நடுவர், எல்லா வரிசையும் வெளியே. நான் விதி எழுதினால் இப்படித்தான் எழுதுவேன்.

இதற்கு மிக நெருங்கி வருவது பெரிய அரங்கப் போட்டி எதுவும் அல்ல, விட் ஃபிரைடே (பெந்தெகொஸ்தே ஞாயிறுக்கு அடுத்த வெள்ளி) மாலை. மான்செஸ்டருக்கு அருகே சாடில்வொர்த், டேம்சைட் பகுதி ஊர்களில் பேண்ட்கள் பேருந்தில் ஊர் ஊராக ஓடி, தெருவில் அணிவகுத்து, ஒரு மார்ச் (அணிவகுப்பு இசை) வாசித்துவிட்டு அடுத்த ஊருக்குப் போகும். ஒவ்வொரு ஊரிலும் கண்மறைவில் உட்கார்ந்த வேறொரு நடுவர், வேறொரு பரிசு. இவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ள வழியே இல்லை. ஓர் ஊரில் கசப்பான காது கிடைத்தால் அடுத்த ஊர் இருக்கிறது. மழை பிடித்துக்கொண்டால் எல்லோருக்கும் பிடித்துக்கொள்ளும்.